தாம்பரத்தில் இறங்கினேன்: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், புதன்

எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரம் என்றால் போர்வையை மடிக்கும் நேரம். நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டைத் தாண்டியதும் அப்பா எழுந்துகொள்வார். தாம்பரத்தில் பாதிப் பெட்டி காலியாகும். மீதிப் பேர் பைகளை இருக்கைக்கு அடியிலிருந்து இழுத்துவைத்துக்கொண்டு எழும்பூருக்காகக் காத்திருப்போம். முப்பது ஆண்டுகளாக ஜன்னல் வழியே பார்த்த நடைமேடையில் இன்று முதன்முறையாகக் கால் வைத்தேன். பொங்கல் விடுமுறையின் மிச்சத்தில் ஐந்து நாட்கள் சேலையூரில் சித்தி வீட்டில் தங்கப்போகிறேன். ஒவ்வொரு இரவும் அன்றன்று பார்த்ததை எழுதிவிடுவதாக எண்ணம்.

நடை மேம்பாலத்தில் ஏறிக் கூட்டத்தோடு போனதில் மேற்கு வாசலில் வந்து நின்றேன். சித்தப்பாவோ கிழக்கில் காத்திருந்தார். "இங்கே யாரிடம் வழி கேட்டாலும் முதலில் கிழக்கா மேற்கா என்றுதான் கேட்பார்கள், அம்மா" என்றார். ஊரின் நடுவே ஓடும் தண்டவாளமும் அதன் பக்கத்தில் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையும் ஊரை இரண்டாகப் பிரித்திருக்கின்றன. மேற்கே சண்முகம் சாலையின் கடைவீதி, முடிச்சூர் போகும் வழி. கிழக்கே கிறிஸ்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், சேலையூர், வேளச்சேரிச் சாலை.

இந்தத் தண்டவாளத்துக்கு ஒரு பெருமை உண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர் தூரத்துக்கு 1931 மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நாட்டில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் பாதை இதுதான். வயலும் ஏரியுமாக இருந்த கிராமத்திலிருந்து காலையில் புறப்பட்டு, ஜார்ஜ் டவுனில் கணக்கெழுதிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்ற வாழ்க்கை அன்று பிறந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் மூன்றையும் வளர்த்தது அந்தச் சீசன் டிக்கெட் வாழ்க்கைதான். 2004 ஜூலையில் கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓய்வு பெற்றது. அந்தப் பெட்டிகளின் சத்தம் இன்னும் காதில் இருப்பதாகச் சித்தி சொல்கிறார்.

சித்தி வீட்டு வாசலில் எழுதியிருக்கும் முகவரி "சேலையூர், சென்னை 600 073". மாவட்டமோ செங்கல்பட்டு. வரி கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு. மூன்றும் உண்மைதான். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளையும் சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-இல் இந்த மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். 2022-இல் முதல் மேயராக வந்த வசந்தகுமாரி கமலக்கண்ணனுக்கு அப்போது வயது 25. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் முதல் நாற்காலியில் அமர்ந்ததை நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றபோது தலைக்கு மேலே சிறிய விமானம் ஒன்று வட்டமடித்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பள்ளி இங்கேதான் இருக்கிறது. அம்பாலாவில் 1948-இல் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. அந்த இரைச்சலுக்குச் சித்தி தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தோம். வாயிலுக்குள் நூறடி நடந்ததும் சாலையின் ஹாரன் ஒலி அடங்கிவிட்டது. மூன்று புள்ளிமான்கள் பாதைக்குக் குறுக்கே நின்று எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள்தான் வழிவிட வேண்டும் என்பது போல மெல்ல நகர்ந்தன.

1837-இல் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி இது. நூறு ஆண்டுகள் ஜார்ஜ் டவுனில் இருந்தது. இடம் போதாமல் போனபோது சேலையூர்க் காட்டில் 365 ஏக்கரைப் பெற்று 1937-இல் இங்கே குடிவந்தது. கட்டடங்களை வடிவமைத்தவர் ஹென்றி ஷேட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். ஆனால் எனக்குப் பிடித்தது வேறொருவரின் கதை. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியரும் அவருடைய மனைவி ஆலிஸும் இந்த வறண்ட புதர்க்காட்டில் ஆண்டுக்கணக்காக மரங்கள் நட்டார்கள். வேதியியல் ஆசிரியருக்கு மரம் நடும் பொறுப்பை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்று ஒரு மாநகராட்சியே அந்த நிழலில் மூச்சுவாங்குகிறது.

கல்லூரி வந்த மறு ஆண்டே, 1938 டிசம்பரில், உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் இங்கே கூடி மாநாடு நடத்தினார்கள். இறையியல் படிப்பவர்கள் இன்றும் அதைத் "தாம்பரம் 1938" என்றே சொல்கிறார்கள். புதிதாக மின்சார ரயில் கண்ட ஒரு கிராமத்தின் பெயர் அப்படி உலகத்தின் பாடப் புத்தகங்களுக்குள் போயிருக்கிறது.

பிற்பகல் சானடோரியம். தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே அதுதான். அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்று பலகையில் இருந்தாலும் ஊர் வாயில் சானடோரியம்தான்.

இதை 1928-இல் நிறுவியவர் டாக்டர் சவுரிமுத்து. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் சிகிச்சை. அதற்கு மரமும் மலைக்காற்றும் உள்ள, நகரத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் இதே போன்றதொரு மருத்துவமனை நடத்திவந்தார். 1917-இல் அங்கே ஒரு தமிழ் இளைஞரைக் காசநோயாளியாகச் சேர்த்தார்கள். அவர் கணிதமேதை ராமானுஜன். சானடோரியம் பெயர்ப்பலகையை ரயிலிலிருந்து எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ராமானுஜனைப் பார்த்த டாக்டரின் கைதான் இதற்கும் அடிக்கல் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

1937-இல் அரசாங்கம் இதை ஏற்றது. பிறகு மருந்துகள் வந்தன. சென்னையில் சேத்துப்பட்டில் 1956 முதல் நடந்த ஆய்வு ஒன்று, சரியாக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. உலகின் பல ஊர்களில் சானடோரியங்கள் மூடப்பட்டன. இது மூடவில்லை. எச்.ஐ.வி. தொற்றியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், 1993 முதல் அவர்களைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனை இது. தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த நாட்கள் அவை. இங்கே பணியாற்றிய செவிலியர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

சித்தப்பா என்னோடு வாசல் வரை வந்தார், உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "பழைய வார்டுகளுக்குக் காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் நன்றாக இருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

பக்கத்திலேயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005-இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் சிந்தனையாளர் மட்டுமல்லாமல் சித்த வைத்தியரும்கூட என்பதால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அதிகாலையிலேயே வெளியூர் பஸ்களிலிருந்து இறங்கி மூட்டுவலியோடு வரிசையில் நிற்பவர்கள் ஏராளம் என்றார் டீக்கடைக்காரர்.

ஆறு மணிக்கு மெப்ஸ் (MEPZ) என்ற ஏற்றுமதி வளாகத்தின் ஷிப்ட் முடிந்தது. 1984-இல் தொடங்கியது அது. கழுத்தில் அடையாள அட்டையோடு இளம்பெண்கள் அலையலையாகச் சாலையைக் கடந்து ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடாமல் நின்று மல்லிகைப்பூ வாங்கினாள். ரயில் வந்தது, போனது. அவள் அவசரப்படவில்லை.

மூன்றாம் நாள், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் சாலை முழுக்கக் கடை. முன்பு இது மாட்டுச் சந்தையாக இருந்தது என்கிறார்கள். இன்று மாடு இல்லை. மற்றபடி இல்லாதது எதுவும் இல்லை. கழற்றிய மிக்ஸி மோட்டார், ஒற்றைக்கால் செருப்பு, டைப்ரைட்டர், ரோஜாச் செடி, கூண்டில் புறா, பெயர் பொறித்த பித்தளைச் செம்பு. அந்தச் செம்பில் "மீனாட்சி" என்று இருந்தது. யாருடைய கல்யாணச் சீரோ. விலை கேட்டேன், வாங்க மனம் வரவில்லை. சித்திக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று மட்டும் வாங்கினேன்.

சந்தையிலிருந்து கொஞ்ச தூரத்தில் படைகள் அணிவகுத்த பழைய மைதானப் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே பல்லாவரம் படைகளின் ஊர். 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இந்த மைதானத்துக்கு அருகே ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல். பழைய கற்கால மனிதர்கள் இந்தியாவில் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. இந்த நாட்டின் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்ற படிப்பே பல்லாவரத்துச் செம்மண்ணில் தொடங்கியது. இன்றைக்கு மூன்று பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் மேல் குறையில்லை. எனக்கும் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. பல்லாவரம் ரயில் நிலையத்தில் அந்தக் கைக்கோடரியின் பெரிய படம் ஒன்றாவது மாட்டிவைத்தால் என்ன? தினமும் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அந்த வழியே பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள்!

கல்லைப் பற்றி இன்னொன்று. இங்கே குன்றுகளில் நீலச்சாயலோடு கருமையாக இருக்கும் பாறைக்கு உலகம் முழுதும் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை மேல் இருந்த பலகைக்கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் சார்னோக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். அந்தக் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. கல் நம்முடையது, பெயர் கல்லறைக்குள் படுத்திருப்பவருடையது. பல்லாவரத்துக்காரராகப் பிறந்திருந்தால் எனக்கு இது இன்னும் கொஞ்சம் வலித்திருக்கும்.

அதே பாறையில்தான் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் ஒரு குடைவரை வெட்டினான். பல்லவபுரம்தானே பல்லாவரம். அவனுடைய பட்டப்பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. இன்று அது தர்கா. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஒரு பாட்டி பேரனின் நெற்றியில் மயிலிறகால் வருடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். குடைந்தவன் ஒரு காலம், தொழுதவர்கள் பல காலம். தூண்கள் எல்லோரையும் தாங்கி நிற்கின்றன.

பிறகு மறைமலை அடிகள் பெயர் தாங்கிய தெரு. ஜார்ஜ் டவுனில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழ் கற்பித்தவர் அவர். 1911-இல் வேலையை விட்டுவிட்டு, நகர இரைச்சலிலிருந்து விலகிப் பல்லாவரத்துக்கு வந்து வீடு கட்டினார். அப்போது அவர் பெயர் சுவாமி வேதாசலம். வள்ளலாரின் பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தவர், அதில் "தேகம்" என்ற இடத்தில் "யாக்கை" என்றிருந்தால் இன்னும் இனிக்குமே என்று மகள் நீலாம்பிகையிடம் சொன்ன நிகழ்ச்சி இங்கே நடந்தது. அந்த ஒரு சொல்லிலிருந்து 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கிளம்பியது. வேதாசலம் மறைமலை ஆனார். இன்று நாம் எழுதும் தமிழில் அவருடைய பல்லாவரத்துத் தோட்டத்துக் காற்று கொஞ்சம் கலந்திருக்கிறது. அவர் விட்டுவந்த கல்லூரியும் இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதே தண்டவாளத்தோரம், மூன்றே நிறுத்தங்களுக்குள் வந்துசேர்ந்தது. அடிகள் 1950-இல் மறையும் வரை பல்லாவரத்திலேயே இருந்தார்.

திரும்பும் வழியில் குரோம்பேட்டையில் இறங்கவில்லை, ஜன்னலோடு சரி. குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. எதிரே எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). 1949-இல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தில் தொடங்கிய கல்லூரி. அங்கே விமானப் பொறியியல் படித்த ராமேசுவரத்து மாணவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார் என்பது எல்லோரும் அறிந்ததே.

நான்காம் நாள், சனி

இன்று தண்ணீர்.

தாம்பரத்தைப் புரிந்துகொள்ள அதன் சாய்மானத்தைப் பார்க்க வேண்டும் என்றார் சித்தப்பா. தண்டவாளத்துக்கு மேற்கே பெய்யும் மழை அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே பெய்வது சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம் என்று ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்குகிறது. ஒரு ஏரி கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீரைக் கைமாற்றிவிடும் ஏற்பாடு. அதைச் செய்தவர்கள் யார் பெயரும் கல்வெட்டில் தனியாக இல்லாமல் போகலாம். அந்த ஏற்பாட்டின் மேல்தான் நாம் மனை போட்டு விற்றோம்.

முடிச்சூரில் சித்தப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவரில் என் தோள் உயரத்தில் ஒரு மங்கிய கோடு. அதற்கு மேலே சுண்ணாம்பு ஒரு நிறம், கீழே வேறு நிறம். 2015 டிசம்பர் முதல் நாளிலும் இரவிலுமாகத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்தது. மூன்றுமுறை வெள்ளையடித்தும் அந்த ஒரு கோட்டை மட்டும் நண்பரின் மனைவி அடிக்கவிடவில்லை. "பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். நாங்கள் மாடியில் இரண்டு நாள் இருந்தோம். படகு வந்தபோது முதலில் எதிர்வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணை ஏற்றிவிட்டோம்" என்றார். காபி கொடுத்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிக்கும்வரை யாரும் காபியைத் தொடவில்லை.

அவர்கள் மனை வாங்கியபோது எல்லாக் காகிதமும் சரியாகவே இருந்தது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் போட்டு வாங்கினார்கள். ஆறு எங்கே விரியும் என்பதைக் காகிதத்தில் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. இதுதான் எனக்குக் கோபம் தருகிறது. வெள்ளம் வந்ததும் "ஏரியில் வீடு கட்டினால் இப்படித்தான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாங்கியவரைக் குற்றம் சொல்ல நாக்கு முந்துகிறது, விற்க அனுமதித்த கையெழுத்தைத் தேட யாரும் முந்துவதில்லை.

மாலையில் சிட்லப்பாக்கம் ஏரி. மழைக்காலம் முடிந்து நிறைந்து கிடந்தது. குப்பையும் கழிவுநீருமாகக் கிடந்த ஏரி இது. 2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்தபோது, இங்கே குடியிருப்பவர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள். அதன் பிறகுதான் அரசாங்கச் சீரமைப்பும் நடந்தது. இன்று கரையில் நடைபாதை. ஒரு நீர்க்காகம் கம்பத்தின் மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. நடக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று அதைப் பார்த்துவிட்டே போனார்கள்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

விடியலில் திருநீர்மலை. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம். வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து பாடினார் என்பது ஐதிகம். அடிவாரத்தில் நின்ற கோலத்தில் நீர்வண்ணர். மேலே அமர்ந்த நரசிம்மர், கிடந்த அரங்கநாதர், நடந்த உலகளந்தார். நேற்று முடிச்சூர்ச் சுவரைப் பார்த்தவளுக்கு அந்த ஐதிகம் கதையாகத் தோன்றவில்லை. இந்த ஊருக்கு நீர் எப்போதும் இப்படித்தான் வந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் அடையாறும் ஏரிகளும் வீடுகளுக்கு நடுவே கண்ணாடித் துண்டுகளாகத் தெரிகின்றன.

அங்கிருந்து அனகாபுத்தூர். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறி. இங்கே நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி கடல் தாண்டி நைஜீரியா வரை போனது. அந்த வியாபாரம் நின்றதும் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மிஞ்சியவர்கள் வாழைநாரில் சேலை நெய்கிறார்கள். ஒரு நெசவாளர் உட்கார்ந்து காட்டினார். மட்டையிலிருந்து உரித்தெடுத்த நார் பட்டு நூலைவிடப் பளபளப்பாக இருந்தது. நீளம் போதாது. அதனால் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே போக வேண்டும். விரல் நுனியில் எச்சில் தொட்டு அவர் போட்ட முடிச்சு என் கண்ணுக்குத் தெரியவில்லை. "கண்ணுக்குத் தெரிந்தால் அது முடிச்சே இல்லை" என்றார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த முடிச்சைக் கற்றுக்கொள்ள யாராவது வர வேண்டும்.

ஆற்றோரமாக நடந்தோம். 2025-இல் கரையிலிருந்த வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளம் தடுக்க ஆற்றுக்கு இடம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் எப்போதும் கூலி வேலை செய்பவர்களின் அடுப்படியிலிருந்தே எடுக்கப்படுவது சரியில்லை. இடிபாட்டுக்கு நடுவே ஒரு முருங்கை மரம் மட்டும் பூத்து நின்றது.

இரவு ஒன்பது மணிக்கு மேல் ரயில். சித்தி புளியோதரை கட்டிக்கொடுத்தார். சித்தப்பா நடைமேடை வரை வந்தார். அவர் எழுதலாம் என்று சொன்ன பிறகே அடுத்த வரிகளை எழுதுகிறேன்.

அவர் 1974-இல் சென்னைக்கு வேலைக்கு வந்து தாம்பரத்தில் தங்கிவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். "நான் வேலைக்கு வரவில்லை, அம்மா" என்றார். இருமலில் ரத்தம் வந்ததும் ஊரில் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டார்கள். ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேற்றிவிட்டார்கள். வந்து இறங்கியது சானடோரியம் நிலையத்தில். பல மாதங்கள் ஊசியும் மாத்திரையும். குணமானதும் வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவருடைய அண்ணன் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். "ஊருக்குத் திரும்பலாம் என்று கடிதம் வந்தது. நான்தான் போகவில்லை. இங்கே எல்லோரும் என்னோடு ஒரே டம்ளரில் டீ குடித்தார்கள்."

தூரத்தில் ரயிலின் விளக்கு தெரிந்தது. அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு பெட்டி நிற்கும் இடத்துக்கு முன்னால் நடந்தார்.